மண்ணில் கண்ட உப்பு

— அள்ளட்டும் லூக் அண்ணை. தோட்டச் சங்கத்தார் சனிக்கிழமை வந்து முழுப் பாத்தி மண்ணையும் அள்ளிக்கொண்டு போகட்டும். நான் மறிக்க மாட்டன்.

— அலோர், சரி, உக்காருங்க கோசலை அம்மா. உங்க வீட்டுக்காரர் குலசேகரம் ஏழு வருஷம் கொத்தின பாத்தி. பாரிஸ் லா சப்பல்ல பாதிப் பேரு அவர்கிட்ட பாவக்காய் வாங்கிப் போனவங்க. அவர் போயி எட்டு மாசத்துல தூக்கிக் குடுத்துடுவீங்களா?

— ஆளே போயிட்டார். மண்ணை வைச்சு என்ன செய்யிறது?

— நாப்பது வருஷம் தபால் பிரிச்சவன் நான். வந்த காயிதத்தைப் படிக்காமத் தூக்கிப் போடமாட்டேன். கேளுங்க. மண்ணைச் சோதிச்ச லபோவுல என்ன எழுதியிருக்கான்னா, நைட்ரஜன் போதும். பாஸ்பரஸ் கொஞ்சம் கூடுதல். அது உரம் அள்ளி அள்ளிப் போட்டதால, ரெண்டு வருஷம் கையைக் கட்டினாச் சரியாயிடும். காரம் அளவாத்தான் இருக்கு.

— காரமோ? இவர் செத்தல் மிளகாயும் கொட்டினவரோ?

— அந்தக் காரம் இல்லம்மா, மண்ணோட காரம்! வொலா, சிரிச்சுட்டீங்க. எவ்வளவு நாளாச்சு.

— சரி, மிச்சத்தைச் சொல்லுங்கோ.

— மிச்சம்தான் தொல்லை. உப்பு. அதான் எலை ஓரமெல்லாம் கருகுது.

— உப்போ?

— ஆமா. ஏம்மா முகம் இப்படிப் போவுது?

— ஒண்டுமில்லை. பனிக்கு ரோட்டிலை கொட்டுற உப்பாயிருக்கும்.

— நானும் அப்படித்தான் நெனைச்சேன். அப்ப பக்கத்துல என் பாத்திலயும் இருக்கணுமே? இல்ல. அதான் அவரோட கொம்போஸ்ட் தொட்டியிலேருந்து ஒரு பை எடுத்து அனுப்பினேன். அங்கதான் கொட்டிக் கெடக்கு. அங்கேருந்து பாத்திக்கு வந்திருக்கு.

— தொட்டியிலை உப்புப் போட இவருக்கென்ன விசரோ?

— ஊறுகா ஏதாவது கொட்டினாரா? சங்கத்துல காரணம் கேக்கறாங்க. எங்கேருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா, இனிமே வராதுன்னு சொல்லலாம். நெறைய தண்ணி விட்டு உப்பைக் கீழ எறக்கி, நல்ல எலை உரமாப் போட்டு மண்ணைத் தேத்திடலாம். தெரியலன்னா அள்ளிடுவாங்க.

— என்னைக் கேக்காதையுங்கோ.

— வேற யாரைக் கேக்கறது?

— அண்ணை, எட்டு மாதமா அந்தச் சொல்லைக் கேட்டாலே நான் எழும்பிப் போயிடுவன். இப்ப மண்ணும் அதையே சொல்லுது.

— எந்தச் சொல்லை?

— உப்பு. இவரைச் சாக்காட்டினது நான்தான்.

— மொன் தியே! என்ன பேச்சு இது?

— பிரஷருக்கு உப்பே கூடாது எண்டு டொக்டர் சொன்னவர். மூண்டு மாதம் உப்பில்லாமல் சமைச்சன். மத்தியானம் இஞ்சை கொண்டுவாற சாப்பாட்டுப் பெட்டி பாதிச் சோத்தோடை திரும்பி வரும். ஆள் உருகிப் போனார். எனக்குப் பொறுக்கேல்லை. ஒருநாள் பெட்டிக் கறிக்கு மட்டும் ஒரு கிள்ளு உப்புப் போட்டன். அண்டைக்குப் பெட்டி வெறுமையா வந்துது. கழுவித் துடைச்சு. "இண்டைக்குக் கறி நல்லாயிருந்தது" எண்டார்.

— அப்புறம்?

— பிறகென்ன, ஒவ்வொரு நாளும் போட்டன். வரவரக் கூட. இரவுச் சாப்பாட்டிலை ஏலாது, மகள் தாட்சாயினி பக்கத்திலை இருப்பாள். பெட்டியிலை மட்டும்தான். ரெண்டு வருசம். பிறகு அந்த விடியக்காலமை மூளையிலை ரத்தம் கசிஞ்சு... உப்புச் சாப்பிட்டவரோ எண்டு ஆசுப்பத்திரியிலை கேட்டவை. மகள் "ஒருநாளும் இல்லை" எண்டாள். நான் வாய் திறக்கேல்லை.

— பொண்ணுக்கு இன்னும் தெரியாதா?

— ஒருத்தருக்கும் தெரியாது. இப்ப உங்களுக்குத்தான்.

— கோசலை அம்மா, பெட்டின்னா அந்த நீல மூடி டப்பாவா?

— ஓம். ரூ காய் தெருக் கடையிலை வாங்கினது. ஏன்?

— கடைசி ரெண்டு வருஷமும் தினம் பன்னெண்டரைக்கு அதைத் தூக்கிட்டுத் தொட்டிகிட்ட போவாரு. குழி பறிச்சுக் கொட்டி, மேல காஞ்ச எலை போட்டு மூடுவாரு. அப்புறம் குழாயில டப்பாவைக் கழுவுவாரு. நீங்க காய்த்தோல் குடுத்தனுப்புறீங்கன்னு நெனைச்சேன்.

— நான் ஒருநாளும் தோல் குடுத்துவிடேல்லையே.

— கழுவிட்டு வந்து என் ஆப்பிள்ல பாதி கேப்பாரு. "ஏன்யா, வீட்டுல சோறு போடலையா?"ன்னு கேலி பண்ணுவேன். சிரிச்சுக்கிட்டே தின்பாரு.

— அண்ணை, என்ன சொல்லுறியள்?

— நான் ஒண்ணும் சொல்லலம்மா. இந்தத் தாள்தான் சொல்லுது.

— அந்த இடத்தை இன்னொருக்கா வாசியுங்கோ.

— "தொட்டி உரம். உப்பு: மிக அதிகம்."

— மிக அதிகமோ?

— ரெண்டு வருஷ உப்பும்மா. எல்லாம் இங்கதான் இருக்கு, அவர் வயித்துக்குப் போகல.

— சனிக்கிழமை வாறவையை மறியுங்கோ அண்ணை. ஒரு பிடியும் அள்ள விடாதையுங்கோ. அது இவர் சாப்பிட்டனான் எண்டு எனக்குச் சொன்ன சோறு.