குழாயை நோக்கி வந்த கப்பல்

மலேசியாவின் போர்ட் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு வரும் காலை ரயிலில், கிடங்குச் சீருடை அணிந்த ஓர் அம்மாள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளம்பெண்ணிடம் சொன்னார்:

“என் மக ஒரு கப்பலையே நிப்பாட்டிட்டா லா.”

முன்பின் அறியாத அந்தப் பெண் கைப்பேசியை மடியில் வைத்தாள். “எப்படி ஆன்டி?”

“கப்பல்ல போய், கடலுக்கு அடியில போற கேஸ் குழாயை ரோபோ கேமராவுல செக் பண்றது அவ வேலை. போன மாசம் வேற ஒரு கப்பல் நங்கூரத்த இழுத்துக்கிட்டே குழாய் பக்கமா வந்திருக்கு. ரேடியோவுல கூப்பிட்டா பதிலே இல்ல.”

“சண்டை நடக்கிற நாட்டுலலாம் இப்படித்தானே குழாய உடைக்கிறாங்க?”

“அதான் பயம். உடைஞ்சா கேஸ் மேல வரும், நாம தள்ளிப் போயிடலாம்னாரு அவ கப்பலோட கேப்டன். இவ மைக்க வாங்கி இங்கிலீஷ், மலாய் ரெண்டுலயும் கூப்பிட்டிருக்கா. கடைசியா தமிழ்ல, ‘அண்ணே, கீழ குழாய் இருக்கு, நங்கூரத்தத் தூக்குங்க’ன்னு கத்தியிருக்கா.”

“தமிழ்லயா!”

“அந்தக் கப்பல்ல தூத்துக்குடிக்காரர் ஒருத்தர் இருந்திருக்காரு. ‘தூக்குறோம் தங்கச்சி’ன்னாராம். நங்கூரத்தத் தூக்கி, குழாய்க்குக் கொஞ்சம் முன்னாடியே கப்பல நிப்பாட்டிட்டாங்க.”

“அப்போ வேணும்னேதான் பேசாம வந்தாங்களா?”

“அத விசாரிக்கிறாங்க. இவ அன்னிக்கு போன் பண்ணி, ‘ரொம்ப பயந்துட்டேம்மா’ன்னு அழுதா.”

“பயந்துக்கிட்டே கூப்பிட்டிருக்காங்க பாருங்க, ஆன்டி.”

கே.எல். சென்ட்ரலில் கதவு திறந்தது. எழுந்த அந்தப் பெண் திரும்பி, “உங்க மக பேரு?” என்றாள்.

“கவிதா.”

அவள் அந்தப் பெயரை ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்துவிட்டு இறங்கினாள்.