ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் மெலிசு

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட்டில் ஓர் அம்மாவும் மகளும் இருந்தார்கள். மகள் போட்டிருந்தது நல்ல கனமான சோடாபுட்டிக் கண்ணாடி. அம்மா சொன்னார்:

“ஞாயித்துக்கிழம வரைக்கும் மெலிசா இருந்தா போதும்டி.”

“லென்ஸ என்ன வாடகைக்கா தராங்க?”

“மாப்ள வூட்டுக்காரங்க பாத்துட்டுப் போற வரைக்கும்னு சொல்றேன். கண்ணாடிக் கடைக்காரரு போன்ல என்ன சொன்னாரு?”

“மெலிசுலயும் இதே பவர்தானாம். ஓரம் மட்டும் ஒல்லியா இருக்குமாம்.”

“பவர் அதேன்னா மெலிசு எதுக்கு?”

“பாக்குறவங்களுக்கு.”

“அவங்களுக்குத்தான வாங்கப் போறோம். இல்லன்னா அன்னைக்கு மட்டும் கழட்டி வெச்சிரு.”

“கழட்டிட்டுக் காபி கொண்டாந்தா மாப்ள யாரு, அவங்க அப்பா யாருன்னு எனக்குத் தெரியாதும்மா.”

எதிரே சிமெண்ட் லாரிகள் வரிசையாக வந்ததால் பஸ் ஓரம் கட்டி நின்றது. அம்மா போனில் ஒரு போட்டோவைக் காட்டினார்.

“பையனப் பாரு. கண்ணாடியே கெடையாது.”

மகள் போனை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

“மூக்குல பாரும்மா. ரெண்டு பக்கமும் பள்ளம் விழுந்திருக்கு.”

“அதுக்கென்ன?”

மகள் தன் கண்ணாடியைக் கழற்றினாள். அவள் மூக்கிலும் அதே இடத்தில் அதே மாதிரி இரண்டு பள்ளங்கள். அம்மா போனையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். பஸ் கிளம்பியது.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது அம்மா சொன்னார்:

“மெலிசெல்லாம் வேணாம். இதையே நல்லா தொடச்சிப் போட்டுக்க.”