பதினோராம் நம்பர் துளை

கடைசியா உயிரோட பார்த்த அன்னிக்கும் முதலாளி பெரியவர் என்னைத் திட்டிக்கிட்டுத்தான் சார் இருந்தாரு. சாம்பிள் கல்லு அரைக்கிற இந்த ரூம் கதவுல கையை ஊனிக்கிட்டு, “ஒரு பை கல்லுக்கு ஒரு நாளாய்யா? நீ கல்லை அரைக்கிறியா, தாலாட்டுறியா?”ன்னாரு. மறுநாள் காலையில தூக்கத்துலயே போயிட்டாரு. எதிர்த்து ஒரு வார்த்தை பேச விடல பாருங்க.

உக்காருங்க, மாப்பிள்ளை வர அரை மணியாகும். இப்ப கம்பெனியே அவர் கையிலதான். மாமனாராவது கத்துவாரு. இவரு சிரிச்சுக்கிட்டே, “அண்ணே, இன்னும் கொஞ்சம்”பாரு. தினம் நூறு டன் சுரங்கக் கல்லு அரைச்ச இடத்துல இருநூறாம். புது ஆலையைப் பார்த்தீங்களா? அது ஓடினா என் டீ கிளாஸ் மேஜையில தானா நடக்குது. நேத்து கணக்கர் மேஜை வரைக்கும் போயிடுச்சு.

நாளைக்கு உங்க பேங்க் கடனுக்கு ஈடா பெரியவர் வீட்டம்மா வீட்டுப் பத்திரத்துல கையெழுத்து போடுறாங்களாமே? அவங்களுக்கு இருக்கிறது அந்த வீடு ஒண்ணுதான்... சரி, எனக்கென்ன.

ஆலை ஓடி என்ன சார், வெள்ளி வரணுமே. வெள்ளி தேடிப் பூமியில துளை போடுறவன் கல்லு பார்க்கிறவரைக் குத்தம் சொல்றான். அவரு இவனைச் சொல்றாரு. ரெண்டு பேரும் சேர்ந்து பூமியைச் சொல்றாங்க. அது வாயைத் திறக்குமா?

எல்லாம் அந்தப் பதினோராம் நம்பர் துளை பண்ணின வேலை. நான் அரைச்சு அனுப்பின கல்லுல டன்னுக்கு ஒரு கிலோவுக்கு மேல வெள்ளின்னு லேப் ரிசல்ட் வந்தது. அதுவரைக்கும் இருநூறு கிராமைத் தாண்டினதில்ல. பெரியவர் என்னைக் கட்டிப்பிடிச்சுட்டாரு. கேக் வெட்டினாங்க. கடன் குடுக்க வரிசையில வந்தாங்க, உங்க ஆளுங்களும்தான், கோவிச்சுக்காதீங்க.

சார், விரல்ல இருக்கிறது வெள்ளியா? கழட்டிப் பையில போட்டுக்குங்க. போர்டு இருக்கு பாருங்க, ‘வெள்ளி அணிந்து உள்ளே வராதீர்’. நான் எழுதினதுதான். எழுதினவனே போட்டிருந்தேன்னு வைங்க... சும்மா, ஒரு பேச்சுக்கு. இருபத்தஞ்சு வருஷ வேலைக்குப் பெரியவர் கையால போட்ட மோதிரம், இந்தச் சுரங்கத்து வெள்ளி. கழட்டினா அவர் முகம் சுருங்கிடும். போட்டா போர்டு முறைக்கும். போர்டா சம்பளம் குடுக்குது?

கொஞ்சம் லூசு மோதிரம் சார். அந்தத் துளைக் கல்லை அரைச்ச அன்னிக்குச் சாயங்காலம் கை கழுவும்போது விரல் காலி. குளிக்கிற இடத்துல போயிருக்கும்னு இருந்துட்டேன். ரிசல்ட் வந்தப்பதான் உறைச்சது, மெஷினுக்குள்ள போயி கல்லோட கல்லா அரைபட்டிருக்கு. பையில கல்லு மூணு கிலோ, மோதிரம் மூணு கிராம். கணக்குப் போட்டுக்குங்க... ஆமா. சுரங்கத்து வெள்ளிதான், அதுல பொய்யில்ல.

சொல்லியிருக்கலாம். கட்டிப்பிடிச்ச மனுஷன்கிட்ட எப்படிச் சார் சொல்றது? அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன், போயிட்டாரு. நேத்து அந்தம்மா கூப்பிட்டு, “நீ அரைச்ச கல்லுதானே, நம்பிக் கையெழுத்து போடலாமில்ல?”ன்னு கேட்டாங்க. “போடலாம்மா”ன்னுட்டேன்.

எந்திரிக்காதீங்க, மாப்பிள்ளைக்கு அப்புறம் போன் பண்ணலாம். முழுசாக் கேளுங்க. துளையில எடுக்கிற கல்லை நெடுக ரெண்டா அறுப்போம். ஒரு பாதியைத்தான் அரைக்கிறது. இன்னொண்ணை யாரும் கேக்கல. நல்ல ரிசல்ட்டை எவன் சார் மறுபடி சோதிப்பான்?

அந்தப் பாதி உங்க பின்னாடி அலமாரியில மூணாவது தட்டுல இருக்கு. ஒரு மீட்டர் நீளம்.