மருமகள் காகம்

சுவிஸின் ஓஸ்டர்முண்டிகனில் பஸ் ஏறிய இரண்டு தமிழ்ப் பெண்கள் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். மூத்தவர் சொன்னார்:

"என்ரை மருமகள் காகம்."

"என்னக்கா, அப்பிடிச் சொல்லுறியள்!"

"இல்லையடி, அது குலம். அவள் கனடாவிலை தால்தான் எண்ட பழங்குடிச் சனம். காகம், ஓநாய் எண்டு ரெண்டு குலம். தாய்வழிதான், பிறக்கிற பிள்ளையளும் காகம்தான். அவையின்ரை வரலாறு, ஆட்சி, தொழில் எல்லாம் சொல்லிக் குடுக்கிற வேர்க்‌ஷொப் ஒண்டிலை மகன் என்னையும் போனிலை சேர்த்துவிட்டவன்."

"விளங்கிச்சுதோ?"

"பாதிதான். முதல்லை எல்லாரும் தாங்கள் ஆரின்ரை பிள்ளை எண்டு சொல்ல வேணும். நான் பழக்கத்திலை அப்பாவின்ரை பேரைச் சொல்லிப்போட்டு இருந்திட்டன். பிறகு அவையிலை ஒரு மனிசி, 'உங்கடை அம்மா ஆர்?' எண்டு கேட்டா. இஞ்சை வந்த இவ்வளவு காலத்திலை ஒருத்தரும் அதைக் கேட்கேல்லையடி. அம்மாவின்ரை பேரை அவைக்கு ரெண்டு தரம் சொன்னன்."

"பாவம் அக்கா நீங்கள்," என்றபடி இளையவர் எழுந்து பொத்தானை அழுத்தினார். "நாளைக்கு வேலையிலை கதைப்பம். வாறன்."

கதவு மூடி பஸ் நகர்ந்தது. மூத்தவர் பக்கத்து வெற்று இருக்கையைப் பார்த்துச் சொன்னார்:

"நீயும் அம்மாவின்ரை பேரைக் கேட்கேல்லை."