வளைவுக் கண்ணாடி

சாலை வளைவில் கம்பத்தில் மாட்டுகிறார்களே, அந்த வட்டக் கண்ணாடி பொய் சொல்லாது, சார். எல்லாவற்றையும் சின்னதாக்கிக் காட்டும், அவ்வளவுதான். முக்கியம் அதன் கோணம். ஒரு விரல் அகலம் திருப்பினால் போதும், எதிரே வரும் லாரிக்குப் பதிலாகச் சாலையோர மரங்கள் தெரியும். மரங்களும் உண்மைதானே.

வளைவை ஒட்டியே என் பட்டறை. நசுங்கிய வண்டிகளை இழுத்து வந்து தட்டி நிமிர்த்துவோம். கண்ணாடியைத் துடைத்ததும் நான்தான். யாரும் கேட்காமலே செய்ததால் எனக்கு நல்ல பெயர். அதை மாட்டிய பிறகு விபத்து நின்றுபோனது. பட்டறைப் பெயிண்டர் வாசலில் உட்கார்ந்து ஈ ஓட்டினார்.

"மாமா, எல்லாப் பயலும் ஒழுங்கா ஓட்ட ஆரம்பிச்சுட்டான். நாம உருப்பட்ட மாதிரிதான்" என்று மச்சான் சிரித்தான். நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனேன்.

விபத்தை நஷ்டம் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். ஒரு வண்டி மோதினால் ஆம்புலன்ஸ் டிரைவர், மருந்துக்கடைக்காரர், வக்கீல், நாங்கள் என்று எத்தனை வீட்டில் அடுப்பு எரிகிறது பாருங்கள். அணைவது ஒரு வீட்டில்தான்.

அப்படி அணைந்தது ஒரு தையல்காரர் வீடு. அவர் போனதும் மெஷினை விற்றார்கள், மகளின் படிப்பு நின்றது, கூடப்பிறந்தவர்கள் எட்டிப் பார்க்கவில்லை. நான்தான் போனேன். அவர் மனைவிக்கு வேலை கொடுத்தேன். பட்டறையைக் கூட்ட வேண்டும், கண்ணாடியைத் துடைக்க வேண்டும்.

"அண்ணே, நீங்க தெய்வம்" என்றாள்.

"அப்படியெல்லாம் சொல்லாதம்மா."

நேற்றுக் காலை ஸ்பேனரோடு வந்து நின்றாள். "அண்ணே, கண்ணாடி மரத்தை வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்குது. எந்தக் கண்ணு அவிஞ்சவன் மாட்டினானோ. நானே நேராக்கி முடுக்கிட்டேன்."

"நல்லது" என்றேன். கண்ணாடி நேராக நின்றால் இவளுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? இவளுக்காகத்தான் சார் மதியம் மறுபடி திருப்பினேன். சாயங்காலம் மொபெட்டில் அந்த வழியாகத்தான் போவாள் என்று தெரியும். நிதானமாக ஓட்டுபவள் என்றும் தெரியும். ஆனால் தன் கையால் நேராக்கிய கண்ணாடி அல்லவா, நம்பிவிட்டாள். வேகத்தைக் குறைக்காமலே திரும்பியிருக்கிறாள்.

வாக்குமூலத்தில் கையெழுத்து எங்கே போட வேண்டும்? கொஞ்சம் சீக்கிரம் முடித்தால் நல்லது. அவள் மகளை நாளையிலிருந்து வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு இனி என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?