ஆந்தூரியம் காய்த்தது

வாட்ச்காரர்: எனக்கு ஞாபகம் சரியா இருக்கான்னு தெரியல… காய்ச்சல்ல கெடந்த அந்த வாரம் முழுக்க ஒரே கலங்கலா இருக்கு. நீதான் சொல்லணும். அப்ப இந்த ஆந்தூரியம் செடி பூத்திருந்துச்சா, இல்லையா?

மனைவி: ஏங்க, குளிக்கப் போன மனுஷன் துண்டோட நின்னுக்கிட்டுக் கேக்குற கேள்வியா இது?

வாட்ச்காரர்: பூத்திருந்துச்சா?

மனைவி: பூவா அது? எலி வாலு மாதிரி ஒண்ணு நீட்டிக்கிட்டு நின்னுச்சு. அதுக்கென்ன இப்ப?

வாட்ச்காரர்: காய்ச்சிருக்கு.

மனைவி: எது?

வாட்ச்காரர்: அந்த எலி வாலுதான். மேசை மேல நான் வாட்ச் ரிப்பேர் பாக்குற லென்ஸ் இருக்கும், எடு… இப்படி வா. தெரியுதா? ஊதா ஊதாவா, மணி மணியா. ஒண்ணு வெளிய பிதுங்கி நூல்ல தொங்குது.

மனைவி: அட, அழகா இருக்கே! செடின்னா காய்க்கும். இதுக்குப் போய்…

வாட்ச்காரர்: தானா காய்க்காதும்மா! அதான் தலை சுத்துது. இந்தப் பூ முதல்ல பொண்ணு. வாலு முழுக்கத் துளித்துளியா ஈரம் நிக்கும். அது காஞ்சு பல நாள் கழிச்சுத்தான் ஆணா மாறி வெள்ளைப் பொடி விடும். பொடி வர்றப்ப ஈரம் இருக்காது. இன்னொரு பூவோட பொடி வந்தாத்தான் உண்டு.

மனைவி: எறும்பு தூக்கிட்டு வந்திருக்கும்.

வாட்ச்காரர்: எங்கேருந்து? இந்தத் தெருவுல வேற யார்கிட்ட இருக்கு இது?

மனைவி: அப்ப காத்து…

வாட்ச்காரர்: குளியலறையில என்ன காத்து? ஜன்னலே ஒரு சாண்.

மனைவி: பல்லி?

வாட்ச்காரர்: ஆமா, பல்லி பிரஷ் வச்சுப் பூசுச்சு! மேலேருந்து கீழ வரைக்கும் ஒரு இடம் விடாம காய்ச்சிருக்கு. கை பட்ட வேலை இது.

மனைவி: தண்ணி ஆறுது, போய்க் குளிங்க.

வாட்ச்காரர்: பழுக்க ஏழு மாசம் ஆகும். பின்னாடி எண்ணிப் பாத்தா, நேரா என் காய்ச்சல்ல போய் நிக்குது.

மனைவி: நான் உங்க நெத்தியில துணி நனைச்சுப் போட்டேனா, பூவுக்குப் பொடி பூசினேனா?

வாட்ச்காரர்: உன்னை யாரு சொன்னா? நீ இதுக்கு மண்ணு போட்டு வளக்கப் பாத்தவ.

மனைவி: ஒரே ஒரு தடவை! மண்ணு இல்லாம மரப்பட்டையும் கரித்துண்டும் தின்னுக்கிட்டுக் கெடக்குதேன்னு…

வாட்ச்காரர்: வேருக்குக் காத்து வேணும். ஊத்துன தண்ணி நிக்காம ஓடணும், ஆனா இலையைச் சுத்தி ஈரம் இருக்கணும். அப்பா எத்தனை தடவை சொல்லியிருப்பாரு…

மனைவி: மாமா உங்க ரெண்டு பேருக்கும்தான் சொன்னாரு.

வாட்ச்காரர்: இப்ப அக்காவை ஏன் இழுக்குற?

மனைவி: நானா இழுக்குறேன்? மாமா காலமான மறுவாரமே அவரோட ஒரே செடியைக் கத்தியால ரெண்டா வெட்டினது நீங்களும் உங்க அக்காவும். “இனி என் வாசல்ல கால் வைக்காதே”ன்னு கத்தினது நீங்க. நாலு வருஷம் ஆச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை அண்ணி வீட்டைக் காலி பண்ணிட்டு மகன்கூட வெளியூர் போறாங்க. செடி காய்ச்ச கவலை உங்களுக்கு!

வாட்ச்காரர்: துளிர் இருந்த பாதியை அவ எடுத்துக்கிட்டா. ஞாபகம் இருக்குல்ல?

மனைவி: நல்ல வேரெல்லாம் உங்க பாதியிலதான் வந்துச்சுன்னு அவங்க சொல்றாங்க.

வாட்ச்காரர்: சொல்றாங்களா? எப்ப சொன்னா?

மனைவி: சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க…

வாட்ச்காரர்: அப்ப, காய்ச்சல்ல என் நெத்தியில ஒரு கை இருந்துச்சே… உன் கை எப்பவும் சில்லுன்னு இருக்கும். அது வெதுவெதுன்னு இருந்துச்சு. கனவுன்னு நெனச்சேன்.

மனைவி: தனியா பயந்துபோய் நான்தான் போன் பண்ணேன். அஞ்சு நாள் வந்தாங்க. நீங்க சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டாங்க, வாசல்ல கால் வைக்கல. பின்பக்கமா, சமையக்கட்டு வழியா வந்தாங்க.

வாட்ச்காரர்: அப்ப பொடி?

மனைவி: மூணாம் நாள் உங்களைத் துடைக்கத் தண்ணி புடிக்கப் போனவங்க, “பூ ஈரமா நிக்குதுடி!”ன்னு ஒரு சத்தம். மறுநாள் மாத்திரை டப்பாவுல பொடி கொண்டாந்தாங்க. அவங்க செடி பூத்தப்ப எடுத்து ஃப்ரிட்ஜ்ல வச்சிருந்தாங்களாம். யாருக்காக வச்சீங்கன்னு கேட்டேன். டப்பாவைத் தொறந்து பூச ஆரம்பிச்சுட்டாங்க.

வாட்ச்காரர்: எதால பூசினா?

மனைவி: உங்க வாட்ச் துடைக்கிற பிரஷ்ஷால.

வாட்ச்காரர்: அடிப்பாவிகளா… அதுல வெள்ளையா என்னமோ ஒட்டியிருந்துச்சு. பவுடர்னு நெனச்சு கழுவினேன்.

மனைவி: கோவமா?

வாட்ச்காரர்: இந்த விதை காஞ்சா போச்சு. எடுத்த கையோட ஈரப் பாசியில வைக்கணும். பாதி அவளுக்கு.

மனைவி: குடுங்க, நான் கொண்டுபோய்க் குடுக்குறேன்.

வாட்ச்காரர்: வேண்டாம், நான் போறேன். வாசல் வழியா வரலாமா, பின்பக்கமா வரணுமான்னு மட்டும் போன் போட்டுக் கேளு.

மனைவி: நெசமாவா! … ஆனா எனக்கு ஒண்ணு புரியலைங்க. அஞ்சு நாளும் கட்டில் பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க. ஒரு தடவை கண்ணைத் தொறந்து பாத்திருந்தா, கனவா நெசமான்னு அன்னிக்கே தெரிஞ்சிருக்குமே?

வாட்ச்காரர்: எனக்கு ரெண்டாம் நாளே நெனவு தெளிஞ்சுடுச்சும்மா… கண்ணைத் தொறந்தா அக்கா எழுந்து போயிடுவான்னு மூடிக்கிட்டே கெடந்தேன்.