ஒரே நேரத்துல ரெண்டு ஞானஸ்நானம்

...அடிக்கட்டும், அடிக்கட்டும். அந்த போனை நான் எடுக்கப்போறதில்ல, இண்டாய். நீ கொஞ்சம் இப்படித் தள்ளி உட்காரு, படகுல அந்தப் பக்கம் கடல் தண்ணி தெறிக்கும். வயித்துப்பிள்ளக்காரி நனையக்கூடாது. எத்தன மாசம்? ஏழா? ம்ம்.

யாருன்னு பாக்கிறியா? நாம ஏறின கரையில, ஹாரோவிலேர்ந்து மிலாகிரிங். இன்னிக்கு ஒம்பது மணிக்கு அவ பையனுக்கு ஞானஸ்நானம். நான்தான் ஞானத்தாய். அதே ஒம்பது மணிக்கு நம்ம கிமராஸ் தீவுல என் கொழுந்தன் தெலெஸ்போரோ பேத்திக்கு ஞானஸ்நானம். அங்கயும் நான்தான் ஞானத்தாய்! சிரிக்காத. நான் என்ன அந்தோணியாரா, ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல நிக்க?

மாட்டேன்னு சொல்ல வேண்டியதுதானேங்கிற. எப்படிடி சொல்றது? ஞானத்தாயா நிக்க மறுத்தா பிள்ளைக்கு ஆகாதும்பாங்கல்ல? நாளைக்கு அது ஒரு தும்மல் தும்மினாலும் இந்த பெர்பெத்துவா வாய்தான், என் வாய்தான் காரணம்பாங்க. அதுகூடப் போகட்டும்... அவங்க மொகம் சுருங்குமே, அதத்தான் என்னால பாக்க முடியாது. போன கிறிஸ்துமஸுக்கு என் கைய எடுத்து நெத்தியில வச்சு ஆசி வாங்க ஞானப்பிள்ளைங்க நின்னுச்சுங்க பாரு, தெருமுனை வரைக்கும்! எம்புருஷன் பயந்து கோழிக்கூண்டுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிட்டான்.

பாரு, மறுபடி அடிக்குது... அடி, அடி. அது கெடக்குது. உன் பிள்ளைக்கு யாரு ஞானத்தாய்? இன்னும் முடிவாகலியா? நான் இருக்கேனே!

...என்ன, கையப் பிடிக்கிற?

...ஓ. உங்க அக்காகிட்ட சொல்லியாச்சா. சரி... சரிம்மா.

அட! மாட்டேன்னுதானே சொன்ன இப்ப? கையப் பிடிச்சிக்கிட்டே சொன்னியா, சட்டுன்னு தெரியல. கொஞ்சம் சுருக்குன்னுச்சு, இல்லேங்கல. ஆனா படகு ஒண்ணும் கவுந்துடலியே! இவ்வளவுதானா? இதுக்கா நான் ஆயுசு பூரா பயந்து செத்தேன்?

இரு, இந்தத் தைரியம் ஆறுறதுக்குள்ள அவகிட்ட சொல்லிடறேன். ஹலோ... மிலாகிரிங், என் ராசாத்தி, கோவிச்சுக்காத. இன்னிக்கு என்னால வர முடியாதும்மா. ...அழறியா? ...என்னது, சிரிக்கிறியா? ...என்னடி சொல்ற? நீ கேக்கவே இல்லியா? நானா ஆஸ்பத்திரிக்கு வந்து, நான்தான் ஞானத்தாய்னு சொல்லி, பிள்ளைக்குக் குல்லாயும் மாட்டிவிட்டுட்டுப் போனேனா? ...உன் மாமியார் தங்கச்சி நிக்கட்டும்னு சொல்லத்தான் காலையிலேர்ந்து அடிச்சியா? இத அப்பவே சொன்னா என்ன? ...ஓ. என் மொகம் சுருங்குமேன்னு.

வச்சிட்டா.

இண்டாய்... எனக்கு அழறதா சிரிக்கிறதான்னு தெரியல. மறுக்கக் கூடாதுன்னு நான் மட்டும்தான் பயப்படறேன்னு நெனச்சேன். எங்கிட்ட மறுக்கவும் ஊரே பயந்திருக்கு! அப்ப அந்தத் தெருமுனை வரைக்கும் நின்னதுல, அவங்களா கேட்டுக் குடுத்தது எத்தன, நானா எடுத்துக்கிட்டது எத்தன?

தெலெஸ்போரோ அப்படியில்ல. அவன் கேட்டான். கேட்டானே... பன்னி வாட்டுற அன்னிக்கு... இல்ல, நான்தான் மொதல்ல... ஐயோ.

கரை வந்துடுச்சு. அதோ நிக்கிறான் பாரு படித்துறையில. பக்கத்துல யாரு அந்தப் பொம்பள, ஞானத்தாய் கணக்கா வெள்ளைக் கவுன் போட்டுக்கிட்டு, கையில மெழுகுவத்தியோட?

எந்திரிக்காத, இண்டாய்! கொஞ்சம் கூட இரு. அவன் ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு வர்றான்டி... நீ பிடிச்ச மாதிரியே என் கையப் பிடிக்கத்தான் வர்றான்!